மாங்காய்ப் பெட்டிக்குள் ஒரு விண்வெளி வீரர்

"மாறுவேடப் போட்டிப்பா" என்ற தகவல் வீட்டுக்கு வந்து சேரும்போது ஒரே ஒரு நாள்தான் மிச்சமிருக்கும். காந்தி, பாரதியார் எல்லாம் போன வருஷமே ஆகிவிட்டது. இந்த முறை விண்வெளி வீரர், அதுவும் நெஞ்சில் விளக்கு எரியணுமாம். கிருஷ்ணகிரியில் அட்டைக்குப் பஞ்சமில்லை. மாங்காய்ப் பெட்டி இல்லாத வீடு எது?

சாமான் வாங்க 300 ரூபாய் தாண்டாது. 5 மில்லிமீட்டர் எல்இடி எனும் குட்டி விளக்கு 12, அதற்கு அதிக மின்சாரம் போகாமல் தடுக்கும் கால் வாட் 220 ஓம் ரெசிஸ்டர் 12 (சிவப்பு, சிவப்பு, பழுப்புக் கோடு), மூன்று பென்சில் செல் போடும் ஹோல்டர், டாகிள் சுவிட்ச் (குச்சியைத் தள்ளிப் போடுவது) இரண்டு, 'பீப்' என்று கத்தும் சின்ன பஸ்ஸர் ஒன்று, பல இழை ஒயர் மூன்று மீட்டர். ஒற்றைக் கம்பி ஒயர் வேண்டாம். பையன் நாலு தரம் குனிந்து நிமிர்ந்தால் உள்ளுக்குள்ளேயே ஒடிந்துவிடும்.

கடையில் 9 வோல்ட் சதுர பேட்டரியை நீட்டுவார்கள். பார்க்கக் கம்பீரமாகத்தான் இருக்கும். ஆனால் 12 விளக்கைத் தலையில் கட்டினால், மேடை ஏறும் முன்பே கண் சொருகிவிடும். மூன்று பென்சில் செல் 4.5 வோல்ட் தரும். ஒரு எல்இடிக்கு 7 முதல் 11 மில்லி ஆம்பியர்தான் போகும், அல்கலைன் செல் என்றால் நாள் முழுக்கத் தாங்கும்.

எல்இடிக்கு நீளக் கால்தான் பிளஸ். ஒவ்வொன்றுக்கும் தனி ரெசிஸ்டர். மிச்சம் பிடிக்கிறேன் என்று ஒரே ரெசிஸ்டரில் சிவப்பையும் நீலத்தையும் பக்கம் பக்கமாகக் கட்டினால் நீலம் எரியாது. சிவப்புக்கு 2 வோல்ட் போதும், நீலத்துக்கு 3 வேண்டும். முதல் பந்தியிலேயே சிவப்பு எல்லாவற்றையும் சாப்பிட்டுவிடும்.

உண்மையான வில்லன் அலுமினியத் தாள். பெட்டி பளபளக்கட்டும் என்று சுற்றிவிட்டு, அதைக் குத்தி எல்இடி காலை நுழைப்பார்கள். தாளே ஒயராகிவிடும். விளக்கு எரியாது, செல்லின் பிளஸும் மைனஸும் தாள் வழியே நேராகத் தொட்டுக்கொண்டால் செல் மட்டும் வடைச்சட்டி போலச் சுடும். "சுடுதுப்பா" என்று பிள்ளை சொன்னால் உடனே செல்லைக் கழற்ற வேண்டும், அப்புறம் ஆராய்ச்சி. முன்னெச்சரிக்கை சுலபம்: ஒவ்வொரு ஓட்டையைச் சுற்றியும் ஒரு சென்டிமீட்டர் தாளை வெட்டி எடுத்துவிட்டு, எல்இடி கால்களுக்கு ஸ்லீவ் (பிளாஸ்டிக் உறை) போட வேண்டும். எல்லா இணைப்பையும் நெஞ்சுப் பலகைக்குள்ளேயே முடித்து, வெளியே இரண்டே ஒயரை, செல் இருக்கும் இடுப்புப் பைக்கு இறக்கினால் பாதித் தலைவலி தீர்ந்தது.

தெர்மாகோல் தலைக்கவசத்துக்கு ஸ்ப்ரே பெயிண்ட் அடித்தால் கரையான் அரித்த மாதிரி கரையும். ஃபெவிகால், தண்ணீர் கலக்கும் பெயிண்ட் போதும்.

பலகையில் நிஜ சுவிட்ச் இரண்டுதான். மீதி எல்லாம் சோடா மூடியும் செத்த ரிமோட்டின் பொத்தானும். கையுறையோடு சின்னப் பொத்தானை அழுத்த வராது, அதனால்தான் டாகிள். ஒன்று விளக்குக்கு, ஒன்று பஸ்ஸருக்கு. பஸ்ஸர் ஒயரில் மட்டும் பிடுங்கக்கூடிய கனெக்டர் வைத்து, அதைக் கழற்றித் தமிழ்த்தாய் வாழ்த்து முடியும்வரை அப்பா கையில் வைத்திருப்பது உத்தமம்.

பெட்டியின் முதுகைத் திறந்து வெல்க்ரோ ஒட்டுங்கள். விண்வெளி வீரருக்கும் ஒன்றுக்கு வரும். கழுத்துக்கு ஓட்டை போடும் முன் பெட்டியை ஒருமுறை திருப்பிப் பார்ப்பது நல்லது. இல்லாவிட்டால் முதுகில் 'மேலே' என்ற அம்புக்குறி தரையைக் காட்டிக்கொண்டு நிற்கும்.