முன்னறை மச்சு

3 நவம்பர் 2024

ராத்திரி மறுபடி உதிர்ந்திருக்கிறது. காலையில், பிரசவத்துக்கு வந்திருக்கும் பெரியவளின் தலையணை ஓரத்தில் கடுகு கடுகாகச் செங்கல் பொடி. அவள் தட்டிவிட்டு காபிக்குப் போய்விட்டாள். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. இன்னும் மூன்று வாரத்தில் அந்த இடத்துக்கு நேர் மேலேதான் தூளி.

மெட்ராஸ் டெரஸ் வீட்டில் இது புதுசு இல்லை. தேக்குச் சட்டம், அதன்மேல் செங்கலைக் குத்துவாட்டில் அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்து. நூறு வருஷம் நிற்கும், ஆனால் உதிர்ந்துகொண்டேதான் நிற்கும். இரண்டு தடவை அடியில் பூசிப் பார்த்தாயிற்று. பூச்சும் சேர்ந்து விழுந்ததுதான் மிச்சம்.

5 நவம்பர்

மச்சுக்கு அடியில் போடத் தகடு வந்துவிட்டது. இரண்டுக்கு இரண்டு, வெள்ளை, நடுவில் தாமரை மாதிரி ஒரு பூ, சுற்றிலும் மணி கோத்த ஓரம். முப்பது போதும், முப்பத்து மூன்றாக வாங்கினேன். வெட்டும்போது இரண்டு தகடாவது வீணாகும்.

மச்சான் மகன்தான் போனில் காட்டினான். அமெரிக்காவில் 1880களிலேயே தகரத்தை அச்சில் அழுத்தி இப்படி மச்சு போட்டிருக்கிறார்கள். சுண்ணாம்புச் சிற்ப வேலைக்குக் காசு இல்லாதவர்கள் அதே பூவைத் தகரத்தில் போட்டு வெள்ளையடித்துக்கொண்டார்களாம். நல்ல வேலை. ஆனால் இங்கே தகரம் ஆகாது. ராயபுரத்துக் காற்றில் ஜன்னல் கம்பியே வருஷத்துக்கு ஒரு தோல் உரிகிறது. வெட்டின ஓரத்தில் முதலில் துரு பிடிக்கும். அதனால் அலுமினியம்.

அம்மா திண்ணையில் இருந்தே கத்தினாள். "மாசமா இருக்கிற பொண்ண வூட்ல வெச்சிக்கினு ஆணி அடிப்பியாடா?"

6 நவம்பர்

ஆணி இல்லை, ஸ்க்ரூ என்று சொன்னேன். முறைத்தாள்.

8 நவம்பர்

அறை பன்னிரண்டுக்குப் பத்து என்று நாற்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். மூலைக்கு மூலை டேப் பிடித்தால் ஒரு பக்கம் பதினைந்தடி ஐந்து அங்குலம், இன்னொரு பக்கம் பதினைந்தடி பத்து. அறை கோணல். தெருச் சுவர் உள்ளே தள்ளிக்கொண்டு வருகிறது.

சுவரைப் பிடித்து ஆரம்பித்தால் அந்தக் கோணல் நடு அறையில் வந்து பல்லைக் காட்டும். நடுவில் நூல் அடித்து ஓரத்துக்குத் தள்ளினால் சுவரோரக் கார்னிஸ் பட்டைக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். தச்சருக்கு இதைப் புரியவைக்கவே ஒரு டீ ஆனது. "அண்ணே, நீங்க ஹார்பர்ல ஃபிட்டரா, இன்ஜினியரா?" என்றார்.

9 நவம்பர்

நடு இரும்பு கர்டரைத் துடைத்தபோது எழுத்து தெரிந்தது. டார்மன் லாங், இங்கிலாந்து இரும்புக் கம்பெனி. இத்தனை வருஷம் வெள்ளையடித்து மூடியே வைத்திருக்கிறோம். ராயபுரம் ஸ்டேஷனுக்கு முன்னாலேயே கட்டின வீடு என்று அம்மா சொல்லிக்கொண்டிருப்பாள். ஸ்டேஷன் திறந்தது 1856. அந்தக் கம்பெனி ஆரம்பித்ததே 1875இல். அம்மாவிடம் சொல்லவில்லை. இப்போது இருக்கிற கோபமே போதும்.

அந்த எழுத்தை மறுபடி மூடப் போகிறேன் என்பது கொஞ்சம் உறுத்துகிறது.

12 நவம்பர்

மழை. வேலை இல்லை. அவளுக்குக் கால் வீங்கியிருக்கிறது.

14 நவம்பர்

தகட்டைப் பிடிக்க ரீப்பர் கட்டை அடித்தாயிற்று. அடித்தாயிற்று என்று எழுதக் கூடாது, முடுக்கியாயிற்று. ட்ரில் சத்தத்துக்குப் பயந்து பெரியவளைப் பின்கட்டில் உட்காரவைத்தேன். அவள் அம்மா காதில் பஞ்சு வைக்கச் சொன்னாள். வயிற்றுக்குள் இருப்பதற்கு யார் பஞ்சு வைப்பது?

சட்டங்கள் நடுவில் முக்கால் அங்குலம் தொய்ந்திருக்கின்றன. ரசமட்டம் வைத்து, தொய்யாத இடத்தில் எல்லாம் பிளைவுட் சிப்பு கொடுத்து மட்டம் எடுத்தோம். மூன்றாவது சட்டத்தைத் தட்டினால் மட்டும் டொக் டொக் என்று பொத்தல் சத்தம். கரையான் மருந்து ஊற்றி, பக்கத்தில் துணைச் சட்டம் கொடுத்தோம். தூளி வளையம் இருப்பது நான்காவது சட்டத்தில். அதைப் பத்துத் தடவை தட்டினேன். கெட்டியாகத்தான் இருக்கிறது.

15 நவம்பர்

ராத்திரி எழுந்து இன்னொரு தடவை தட்டினேன்.

17 நவம்பர்

வளையம்.

தச்சர் கேட்டது நியாயம்தான்: அறுத்து எடுத்துவிட்டால் பூ உடையாமல் வரும், தூளியை ஸ்டாண்டில் போடலாம், இப்போது எல்லோரும் அப்படித்தான் போடுகிறார்கள். நான் பதில் சொல்வதற்குள் அம்மா எழுந்து வந்து நாற்காலியை நேர் கீழே போட்டு உட்கார்ந்துகொண்டாள். அந்த வளையத்தில் நான் ஆடினேன், என் தங்கை ஆடினாள், பெரியவள் ஆடினாள். கையால் அடித்த இரும்பு, சட்டத்தைத் துளைத்து மேலே போய் வளைத்துவிட்டிருக்கிறது. கீழ்ப்பக்கம் மட்டும் கயிறு தேய்த்துத் தேய்த்து வெள்ளி மாதிரி மின்னும்.

தகட்டை நானே வெட்டினேன். ஓரத்தில் இருந்து ஒரு கீறல், அதன் முடிவில் கட்டை விரல் அளவு ஓட்டை. கீறலை விரித்து, வளையத்தின் காலைச் சுற்றிச் செருகி, மறுபடி தட்டி மூடினேன். கீறின ஓரத்தின் மேல் அடுத்த தகட்டின் மணி ஓரம் வந்து உட்கார்ந்துவிட்டது. வளையம் சரியாகப் பூவின் ஒரு இதழில் இருந்து தொங்குகிறது. நடுவில் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பரவாயில்லை.

அப்புறம் 25 கிலோ அரிசி மூட்டையை வேட்டியில் கட்டி இரண்டு மணி நேரம் தொங்கவிட்டேன். பெரியவள் வந்து அதை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுச் சிரித்தாள். சிரித்து நாளாயிற்று.

18 நவம்பர்

போன ஆடிக்கு முன்னால் வாங்கின தூளிக் கயிறு பரணில் இருந்தது. எடுத்தேன். "அது வேணாங்க" என்றாள் அவள் அம்மா. கொண்டுபோய்க் குப்பையில் போட்டேன்.

20 நவம்பர்

எலக்ட்ரீஷியன் வந்தார். பழைய ஒயரை எல்லாம் பைப்புக்குள் இழுத்தோம். மச்சு முழுக்க உலோகம், எங்கேயாவது தோல் உரிந்த ஒயர் பட்டால் முப்பது தகட்டிலும் கரண்ட். அதனால் எர்த் கொடுத்தே ஆக வேண்டும் என்று நின்றேன். ஃபேன் கர்டரில் இருந்து நேராகத் தொங்குகிறது, தகட்டின் மேல் ஒரு கிராம் பாரம் இல்லை.

இடது கை கட்டை விரலில் வெட்டு. கையுறையைக் கழற்றின அந்த ஒரு நிமிஷத்தில்.

22 நவம்பர்

முடிந்தது. உள்சுவரில் ஆரம்பித்து வாசலைப் பார்த்து வரிசை வரிசையாக வந்ததால் உள்ளே நுழைகிறவர் கண்ணுக்கு ஒட்டு தெரியவில்லை. மொத்தம் ஆறு வரிசை. கை ரேகையை எல்லாம் துணியால் துடைத்தேன். விளக்கு போட்டால் அறை கொஞ்சம் உயர்ந்த மாதிரி இருக்கிறது, உண்மையில் இரண்டு அங்குலம் குறைந்திருக்கிறது.

அம்மா நிமிர்ந்து பார்த்து, "கல்யாண மண்டபம் மாதிரி கீதுடா" என்றாள். பாராட்டா தெரியவில்லை.

23 நவம்பர்

மேலே பல்லி ஓடுகிறது. டக் டக் டக். யாரோ நகத்தால் தட்டுகிற மாதிரி. இதை யாரும் சொல்லவில்லை.

24 நவம்பர்

டாக்டர் சொன்ன தேதி. ஒன்றும் இல்லை.

25 நவம்பர்

இல்லை.

26 நவம்பர்

எதிர்வீட்டு அக்கா வந்து மச்சைப் பார்த்தார். அழகாக இருக்கிறது என்றார். போகும்போது வாசலில் நின்று, "நிறைமாசத்துல வீட்ட இடிச்சி வேலை செஞ்சா குழந்த வர யோசிக்கும்ணு எங்க ஆயா சொல்லும்" என்றார். சொல்லாமல் போயிருக்கலாம்.

நான் இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை. மொத்தம் எத்தனை ஸ்க்ரூ என்று ராத்திரி எண்ணிப் பார்த்தேன். தகட்டுக்குப் பன்னிரண்டு. 360. ரீப்பர், கார்னிஸ் தனி.

27 நவம்பர்

காசிமேட்டில் படகு எதுவும் போகவில்லை. புயல் வரும் என்கிறார்கள், இன்னும் புயலாகவில்லை என்கிறார்கள். டாக்டர் இரண்டு நாள் பார்க்கலாம் என்கிறார். எல்லாமே கடலில் நின்றுகொண்டிருக்கிறது.

28 நவம்பர்

அம்மா வடிவுடையம்மனுக்கு ஒரு ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து வைத்தாள். எங்கே கட்டினாள் என்று பார்த்தால், வளையத்தில்.

29 நவம்பர்

சாயந்திரம் வலி. ஆட்டோவில் பெரியவளும் அவள் அம்மாவும் போனார்கள். மாப்பிள்ளை நேராக அங்கே வந்துவிட்டார். அம்மாவைத் தனியாக விட முடியாது, நான் வீட்டில். புயலுக்கு ஃபெஞ்சல் என்று பேர் வைத்தாயிற்று.

30 நவம்பர்

விடியற்காலையில் இருந்து விடாத மழை. தெருவில் முழங்கால் தண்ணீர். ஒன்பது மணிக்கு மாப்பிள்ளை பேசினார், இன்னும் ஆகவில்லை, பயப்பட ஒன்றும் இல்லை என்றார். பயப்பட ஒன்றும் இல்லை என்று அவர் சொன்ன விதம்தான்.

பதினோரு மணிக்கு டக் டக் என்று கேட்டது. பல்லி என்று இருந்துவிட்டேன். பல்லி இவ்வளவு ஒழுங்காக ஓடாது. விளக்கடித்துப் பார்த்தால் வளையத்தின் அடியில், அந்தத் தேய்ந்த இடத்தில், ஒரு சொட்டு திரண்டு, மஞ்சள் துணி நனைந்து, விழுகிறது. அடுத்தது திரள்கிறது. மேலே ஓடு விட்டிருக்கிறது, தண்ணீர் வளையத்தின் காலைப் பிடித்து இறங்குகிறது. அடியில் அண்டா வைத்தேன். மொட்டை மாடிக்கு ஏறினேன், காற்று நிற்கவிடவில்லை.

அம்மா தூங்குவது மாதிரி படுத்திருக்கிறாள். தூங்கவில்லை.

மழை விட்டதும் வாசல் பக்கத்தில் இருந்து ஆறாவது வரிசை, அப்புறம் ஐந்தாவது, அப்புறம்தான் வளையத் தகடு. நல்லவேளை ஸ்க்ரூ. ஆணியாக இருந்தால் பூ மொத்தமும்

போன்