அய்யா சூடம் கொளுத்திய இடம்

ஆடி கடைசி வெள்ளியில் மீனாட்சியைப் பார்க்காமல் எங்கள் அத்தைக்குச் சோறு இறங்காது. 2025-ல் அந்த வெள்ளி ஆகஸ்ட் 15-ல் வந்தது. மறுநாள் கிருஷ்ண ஜெயந்தி, அதற்கடுத்து ஞாயிறு. மூன்று நாள் சேர்ந்தாற்போல் லீவு என்றதும் எங்கள் தெருவில் பாதி வீடு வியாழன் ராத்திரியே கொடைக்கானலுக்குக் கிளம்பிவிட்டது. பெரியவன் ஒன்பதாவது படிக்கிறான்; அவனுக்கும் கொடைக்கானல்தான் வேண்டும். வீட்டுக்காரர் ராமேஸ்வரம் என்றார். அத்தை மட்டும், "நீங்க போயிட்டு வாங்கப்பா, நான் வெள்ளிக்கிழமை ஆத்தாளைப் பாத்துட்டு வீட்லயே கிடக்கேன்" என்றார்.

அப்பத்தாவை விட்டுவிட்டு என்ன டூர்? மூன்று நாளும் மதுரையும் மேலூரும்தான் என்று நான் முடிவு கட்டினேன். சாமியும் உண்டு, சுதந்திரமும் உண்டு. எங்கள் குடும்பத்தில் இரண்டும் ஒரே வாசலில் நிற்கிற விஷயம். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அத்தை மேலூர்ப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். அவருடைய அய்யா வாலிபத்தில் வைக்கோல் பாரம் ஏற்றிக்கொண்டு மதுரைக்கு வண்டி ஓட்டி வருவாராம். பாரத்தை இறக்கி, மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு, கிழக்குக் கோபுரம் தெரிகிற இடமாகப் பார்த்து ரோட்டிலேயே சூடம் கொளுத்தி விழுந்து கும்பிட்டு ஊர் திரும்புவாராம். உள்ளே போக முடியாது. எங்கள் சாதிக்கு அந்த வாசல் கிடையாது. கோபுரத்தைக் கும்பிட்டாலே சாமியைக் கும்பிட்ட புண்ணியம் என்று சொல்லி வைத்திருந்தார்கள். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு எத்தனை தலைமுறை வெளியே நின்றதோ.

1939 ஜூலை 8. வக்கீல் வைத்தியநாத அய்யர் ஒரு சின்னக் கூட்டத்தை அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தார். கக்கன் உட்பட ஒடுக்கப்பட்ட சமூகத்தார் ஐந்து பேர், நாடார் சமூகத்தவர் ஒருவர். கோயில் நிர்வாகத்தில் இருந்த ஆர்.எஸ். நாயுடு அவர்களை உள்ளே விட்டார். அர்ச்சகர்களில் சிலர் இனி பூசை செய்ய மாட்டோம் என்று போனார்கள். அழைத்துப் போனவர்கள் மேல் வழக்கு பாயாமலிருக்க ராஜாஜி அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. எல்லோருக்கும் திறக்காத கோயிலுக்குள் நான் வரமாட்டேன் என்று இருந்த காந்தி, 1946-ல் மதுரைக்கு வந்தபோதுதான் மீனாட்சியைப் பார்த்தார்.

வாசல் திறந்தும் அத்தையின் அய்யா உடனே போகவில்லை. பயம். சுதந்திரம் வந்து இரண்டு மூன்று வருஷம் கழித்துத்தான் ஒருநாள் கூட்டத்தோடு கூட்டமாக உள்ளே போயிருக்கிறார். தரிசனம் முடிந்ததும் பொற்றாமரைக் குளத்துப் படியில் உட்கார்ந்தவர் பொழுது சாய்கிற வரைக்கும் எழுந்திருக்கவே இல்லையாம். "யாராச்சும் எந்திரின்னு சொல்றாகளான்னு பாத்துக்கிட்டே இருந்தேன் தாயி. ஒருத்தரும் சொல்லல" என்று மகளிடம் சொல்லியிருக்கிறார். அத்தை இன்றைக்கும் எந்தக் கூட்டத்திலும் அந்தக் குளத்துப் படியில் கொஞ்ச நேரம் உட்காராமல் வரமாட்டார். கால்வலிக்காக உட்காருகிறார் என்றே கல்யாணமான புதிதில் நினைத்திருந்தேன்.

இதைப் பிள்ளைகளிடம் சொல்லவேண்டும் என்பது என் ஆசை. வீட்டுக்காரருக்கு அதில் சம்மதமில்லை. "நல்ல நாளும் அதுவுமா பிள்ளைக மனசுல எதுக்கு இதெல்லாம்? நம்மளோட போகட்டும்" என்றார். அவர் சொல்வதிலும் ஒரு வலி இருக்கிறது, எனக்குப் புரிகிறது. ஆனால் நாம் சொல்லாவிட்டால் வேறு யாராவது, எங்காவது, குத்துகிற மாதிரி சொல்வார்கள். அப்பத்தாவின் வாயால், கோயிலுக்குள் வைத்தே, அவர்கள் கேட்பதுதான் நல்லது என்று நான் விடாப்பிடியாக நின்றேன்.

வெள்ளிக்கிழமை காலையில் சின்னவளின் பள்ளிக்கூடத்தில் கொடியேற்றம். சட்டையில் குத்திய கொடியோடும் கையில் மிட்டாயோடும் வந்தவளை அப்படியே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் போனோம். பக்கத்து வீட்டில் அதே நேரம் மாதா விண்ணேற்புத் திருநாள் பூசைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். ஆகஸ்ட் 15 அவர்களுக்கும் இரட்டைத் திருநாள்தான்.

வயதானவர்களோடு போகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். மதியம் நடை சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். அதற்குத் தகுந்த மாதிரி வெள்ளனவே போய்விடுங்கள். 2018-ல் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்ததற்குப் பிறகு செல்போன் உள்ளே கொண்டுபோக முடியாது, வெளியிலேயே கொடுத்து டோக்கன் வாங்க வேண்டும். பெரியவன் போனைக் கொடுத்ததிலிருந்து கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான். அதுவும் நல்லதாகப் போயிற்று. வரிசையில் நின்ற ஒன்றரை மணி நேரமும் அவனுக்கு அப்பத்தாவைத் தவிர வேறு போக்கிடம் இல்லை.

தரிசனம் முடிந்து படியில் உட்கார்ந்தபோது அத்தையே ஆரம்பித்தார். அய்யா, வைக்கோல் வண்டி, ரோட்டில் கொளுத்திய சூடம். சின்னவள் பாதியில் மறித்து, "யாரு அப்பத்தா விடல? மீனாட்சியா?" என்று கேட்டாள். அத்தை பதறிப்போய், "ஆத்தா அப்படிச் சொல்லுவாளா? மனுசங்கதான் தாயி" என்றார். பெரியவன் எதுவும் பேசவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்றைக்கு நாங்கள் வீட்டில் சமைக்கவில்லை. சுதந்திர தினத்தில் அறநிலையத்துறைக் கோயில்களில் சிறப்பு வழிபாடும் பொது விருந்தும் நடக்கும். பலருக்கு இது தெரிவதில்லை, தெரிந்தாலும் இலவசச் சாப்பாடுதானே என்று ஒதுங்கிவிடுகிறார்கள். ஒதுங்காதீர்கள். கல்யாண வீட்டில்கூட யார் பக்கத்தில் யார் உட்காருவதென்று கணக்குப் பார்க்கிற ஊர் இது. அத்தைக்கு ஒரு பக்கம் பட்டுச்சேலையில் ஒரு அம்மா. மறுபக்கம் சித்திரை வீதியில் பூக்கட்டி விற்கிறவர், விரலில் நார் அறுத்த தழும்போடு. எந்த ஊரு, எந்தத் தெரு என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. அத்தை பாயசத்தை வழித்துச் சாப்பிட்டுவிட்டு இலையை மடித்தார். எங்கள் அய்யா சூடம் கொளுத்திய இடத்துக்கும் இந்தப் பந்திக்கும் நடுவில் நூறு, இருநூறு அடிதான் இருக்கும். அதைக் கடக்க ஆன காலத்தை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைத்தது. எல்லா ஊரிலும் கடந்தாயிற்று என்றும் சொல்ல முடியாது. கோயில் படியேறவும் தேர்வடம் தொடவும் இன்னும் மல்லுக்கட்டுகிற கிராமங்களைப் பற்றிப் பேப்பரில் படித்துக்கொண்டுதானே இருக்கிறோம்.

ஞாயிறைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காலையில் மேலமாசி வீதியில், 1921 செப்டம்பர் 22-ல் காந்தி மேல்சட்டையை விட்டுவிட்டு அரைவேட்டிக்கு மாறிய வீட்டுவாசலில் நின்றோம். கதர் வாங்கக் காசில்லை என்று ஏழைகள் சொன்னதைக் கேட்டுவிட்டு எடுத்த முடிவு அது. பிறகு தமுக்கத்தில் காந்தி மியூசியம். ராணி மங்கம்மாள் அரண்மனையாக இருந்த கட்டிடம், 1959-ல் நேரு திறந்துவைத்தது. காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த, ரத்தக்கறை படிந்த துணி இருக்கிற கண்ணாடிப் பேழைக்கு முன்னால் அத்தை செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

சனிக்கிழமைதான் மனதில் தங்கிவிட்டது. அதிகாலையிலேயே சின்னவளின் காலை மாவில் முக்கி வாசலிலிருந்து பூசையறை வரை கண்ணன் பாதம் வைத்துவிட்டு, சித்தப்பா மகனின் காரை இரவல் வாங்கிக்கொண்டு கிளம்பினோம். மேலூர் தாண்டி, தும்பைப்பட்டி. கக்கன் பிறந்த ஊர். அவருடைய அப்பா அந்த ஊர்க் கோயிலில் பூசாரி. சாமியைத் தொட்டுப் பூசை செய்தவரின் பிள்ளைக்கு மதுரைக் கோயிலில் நுழைய 1939 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தப் பிள்ளை பிறகு அரசியல் நிர்ணய சபை உறுப்பினர், அமைச்சர், இந்த மாநிலத்தின் உள்துறையைக் கையில் வைத்திருந்தவர். அப்படியிருந்தும் தனக்கென்று எதையும் சேர்க்கவில்லை. கடைசி நாட்களில் அரசு ஆஸ்பத்திரியின் சாதாரண வார்டில் படுத்திருந்தார் என்பது மேலூர்ப் பக்கம் எல்லோர் வாயிலும் இருக்கும் கதை. பெரியவனுக்கு இத்தனையும் புதுசு. "இவ்ளோ பக்கத்துலயா இருந்தாரு?" என்றான்.

மணிமண்டபத்தில் எங்களைத் தவிர யாருமில்லை. பிள்ளைகள் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அத்தை முந்தானை முடிச்சை அவிழ்த்தார். முதல்நாள் மீனாட்சி சன்னதியில் வாங்கிய குங்குமப் பொட்டலமும், வாடிப்போன கொஞ்சம் மல்லிகையும். பூவைச் சிலையின் காலடியில் வைத்துவிட்டு, "எங்கய்யா வரச்சொன்ன மாதிரி வந்துட்டேன்யா" என்றார். அவருடைய அய்யா அப்படி எப்போது சொன்னார், உண்மையிலேயே சொன்னாரா, நான் கேட்கவில்லை.

அங்கிருந்து மேலூர் வழியாக அழகர்கோயில். நடை சாத்துவதற்குள் போய்ச் சேரவேண்டும், அழகர்கோயில் தோசை வாங்கித் தருகிறேன் என்று சின்னவளிடம் வேறு சொல்லியிருந்தேன். வழியெல்லாம் பெரியவன் முன்சீட்டிலிருந்து திரும்பித் திரும்பி அப்பத்தாவிடம் கேட்டுக்கொண்டே வந்தான். மாட்டுக்குப் பேர் என்ன, வண்டி மதுரை வந்துசேர எவ்வளவு நேரம் ஆகும், சூடத்தை ரோட்டில் எங்கே வைப்பார், யாராவது விரட்டினால் என்ன செய்வார். அத்தைக்குத் தெரிந்ததைச் சொன்னார், தெரியாததைத் தெரியாது என்றார். வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லாமல் ஓட்டிக்கொண்டிருந்தார். கொஞ்ச தூரம் போனதும் கையை நீட்டி வண்டியில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தினார். "அம்மா, அந்தப் பொற்றாமரைக் குளத்துக் கதையை இன்னொருக்கா சொல்லு" என்றார்.