பிஎச் கணக்கைத் தொடும் முன்னால்

பன்னிரண்டாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வில் 10⁻⁸ மோலார் (லிட்டருக்கு 10⁻⁸ மோல்) ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பிஎச் கேட்டிருந்தார்கள். பிஎச் என்பது ஹைட்ரஜன் அயனிச் செறிவின் மடக்கையை (log) எதிர்க்குறியோடு எடுத்த எண்; 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம். சட்டென்று 8 என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். 7-ஐத் தாண்டினால் காரம் ஆயிற்றே, அமிலத்துக்கு எப்படி 8 வரும் என்று அப்போது தோன்றவே இல்லை. அதனால் இந்தக் கணக்குகள் வரும் அயனிச் சமநிலைப் பாடம் படிக்கிற தம்பி தங்கைகளுக்கு முதலில் சொல்வது இதுதான்: கையில் இருப்பது அமிலமா காரமா, விடை 7-க்கு எந்தப் பக்கம் வர வேண்டும் என்று ஓரத்தில் பென்சிலால் குறித்துவிட்டுக் கணக்கைத் தொடங்குங்கள்.

எங்கள் கடலூரில் கெடிலம் ஓடுகிறது. அதில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் ஆறு புளிக்காது, சரி, அதற்காகச் சோப்புத் தண்ணீராகவும் ஆகிவிடாது இல்லையா? அமிலத்தை எவ்வளவு நீர்த்தாலும் 7-ஐ நெருங்குமே தவிர தாண்டாது. 25 டிகிரி செல்சியஸில் தூய நீரிலேயே லிட்டருக்கு 10⁻⁷ மோல் ஹைட்ரஜன் அயனி இருக்கிறது, இந்தக் கணக்கில் அமிலம் தருவதோ அதில் பத்தில் ஒரு பங்குதான். இரண்டையும் நேராகக் கூட்டினால் 1.1 × 10⁻⁷, பிஎச் 6.96. ஆனால் அமிலம் வந்ததும் நீர் பிரிவது கொஞ்சம் குறையும், அதையும் சேர்த்து இருபடிச் சமன்பாடாகப் போட்டால் 1.05 × 10⁻⁷, பிஎச் 6.98, இதுதான் சரியான விடை. செறிவு 10⁻⁶ அல்லது அதற்கு மேல் என்றால் நீரின் பங்கை விட்டுவிடலாம்.

அப்புறம், பிஎச் 2, பிஎச் 4 உள்ள இரண்டு வலிமை மிகு அமிலங்களைச் சம அளவு கலந்தால் 3 வராது, முதலாவதில் ஹைட்ரஜன் அயனி நூறு மடங்கு அதிகம். செறிவைத்தான் சராசரி எடுக்க வேண்டும்; 2.3 வரும்.

பிஎச் கணக்குக்கு மடக்கை வேண்டும், நீட்டிலோ கால்குலேட்டர் கிடையாது. 2-க்கு மடக்கை 0.3010, 3-க்கு 0.4771, இந்த இரண்டும் மனத்தில் இருந்தால் 4, 5, 6, 8, 9 எல்லாம் தானாக வரும். புதுச்சேரிக்குப் பயிற்சி வகுப்புக்குப் போன பஸ்ஸில்தான் இதைப் போட்டுப் பழகினேன்.

செய்முறையில் அமிலத்தோடு காரத்தைச் சொட்டவிட்டு நடுநிலையாக்கும்போதும் பிஎச் எங்கே இருக்கும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 20 மில்லி, அதே செறிவில் சோடியம் ஹைட்ராக்சைடு என்றால், அமிலம் முழுதும் தீர்ந்துபோகும் முடிவுநிலைக்கு ஒரு சொட்டு முன்னால் பிஎச் ஏறக்குறைய 4, ஒரு சொட்டு தாண்டினால் 10. அதனால் 19 மில்லி வந்ததுமே காரம் இருக்கும் பியூரெட்டின் (அளவுக் கோடிட்ட நீள் குழாய்) திருகை இறுக்கிச் சொட்டுச் சொட்டாக விடுங்கள், குடுவைக்கு அடியில் வெள்ளைத் தாள் வைத்தால் காரத்தில் நிறம் மாறும் நிறங்காட்டியான பினாப்தலீனின் அந்த இளஞ்சிவப்பு முதல் சொட்டிலேயே கண்ணுக்குத் தெரியும்.