"சாப்பிட்டீங்களா ஆயா?"

போன ஜனவரியில்தான் அதைக் கவனித்தேன். ஏற்காடு மலையில் நாகலூர் பக்கம் ஒரு ஆயா வீடு, பக்கவாதம் வந்து மூன்று வருஷமாகப் படுக்கை. பிரஷர் பார்த்தேன், முதுகுப் புண்ணைத் துடைத்துக் கட்டினேன், ஃபாரத்தில் குறித்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். வண்டியை எடுத்து இரண்டு வளைவு தாண்டின பிறகுதான் உறைத்தது, வழக்கமாகக் கேட்கிற "சாப்பிட்டீங்களா ஆயா?" அன்று வாயில் வரவே இல்லை. மறதி என்று சொல்ல முடியாது. கேட்டால் மகன் திருப்பூர் போன கதையிலிருந்து ஆரம்பிப்பார், அரை மணி நேரம் போய்விடும், இன்னும் ஐந்து வீடு பாக்கி என்று உள்ளே ஏதோ ஒன்று கணக்குப் போட்டு முடித்திருக்கிறது.

ஒரு தொண்டு நிறுவனத்தில் ஆறு வருஷமாக வீடு வீடாகப் போகிற வேலை. நான் நர்ஸ் இல்லை, சமூகப் பணி படித்தவள், ஆனால் மலையில் எல்லாருக்கும் நர்ஸம்மாதான். சேலத்திலிருந்து தினமும் 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, அதற்கு மேல் எஸ்டேட் மண் ரோடு, அதற்கும் மேல் நடை. ஒரு நாளைக்கு எட்டு வீடு முடிக்க வேண்டும். கீழே சேலம் டவுனில் அம்மாபேட்டைக்குப் போகிற தோழிக்கும் அதே எட்டுதான், அவளுக்கு மூன்று தெருவுக்குள் முடிந்துவிடும். அரசாங்கமே துணை சுகாதார நிலையத்துக்கு, சமவெளி என்றால் 5000 பேருக்கு ஒன்று, மலை, பழங்குடிப் பகுதி என்றால் 3000 பேருக்கு ஒன்று என்றுதான் கணக்கு வைத்திருக்கிறது. மலையில் வேலை மெதுவாகத்தான் நடக்கும் என்று அங்கே யாரோ யோசித்திருக்கிறார்கள். எங்கள் எக்செல் ஷீட்டில் மலையே கிடையாது.

டிசம்பரில் ஒரு வீட்டில் குடித்துவிட்டு வந்த ஆள் வாசலை மறித்துக்கொண்டு நின்றான். இனிமேல் அந்தப் பக்கம் இரண்டு பேராக அனுப்புங்கள் என்று கேட்டேன். "ஆள் இல்லைம்மா, பார்த்துப் போயிட்டு வாங்க." அவ்வளவுதான் பதில். பெட்ரோல் காசு கதையை இன்னொரு நாள் எழுதுகிறேன், இப்போது எழுதினால் கெட்ட வார்த்தை வரும்.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் இந்த 'பர்ன் அவுட்'டுக்கு ஒரு விளக்கம் கொடுத்தது. நோய் என்று சொல்லவில்லை, வேலையிடத்து நெருக்கடி தீராமல் நீண்டுகொண்டே போவதால் வருகிற நிலை என்றார்கள். மூன்று அடையாளம்: உடம்பும் மனசும் ஓய்ந்துபோவது, செய்கிற வேலையிலிருந்து மனசு விலகிப்போவது, நாம் செய்து என்ன ஆகிவிடப்போகிறது என்று தோன்றுவது. ஓய்ச்சல் எனக்குப் பழகிவிட்டது, ஞாயிறு தூங்கினால் பாதி சரியாகும். அந்த இரண்டாவதுதான் பயம். அது வருவதே தெரியாது, ஒரு கேள்வி குறையும், அவ்வளவுதான்.

ஆபீசில் சொன்னேன். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் மன அமைதிப் பயிற்சி வைத்தார்கள். வராதவர்களுக்கு அரை நாள் சம்பளம் பிடித்தம். (சிரிக்காதீர்கள், நிஜம்.) நாங்கள் கேட்டது வேறு. மாதம் இரண்டு தடவையாவது உட்கார்ந்து, எந்த வீட்டில் என்ன பார்த்தோம் என்று கொட்டுவதற்கு அனுபவமுள்ள ஒரு ஆள். அதற்கு பட்ஜெட் இல்லையாம்.

அடுத்த வாரம் அந்த ஆயாவிடம் மறக்காமல் கேட்டேன். காலையிலிருந்து சாப்பிடவில்லை. மருமகள் காபிப் பழம் பறிக்க விடிகாலையிலேயே போயிருக்கிறாள், களி அடுப்பு மேலேயே இருக்கிறது, ஆயாவுக்கு எட்டாது. ஊட்டிவிட்டு, திருப்பூர் கதையையும் கேட்டு முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. முந்தின வாரம் சாப்பிட்டிருந்தாரா என்று நான் கேட்கவில்லை, கேட்கத் தைரியம் வரவில்லை.

அன்று ஆறு வீடுதான் முடிந்தது. திங்கட்கிழமை மீட்டிங்கில் இரண்டு ஏன் குறைந்தது என்று கேட்டார்கள். காபி சீசன் சார், வீடு பூட்டியிருந்தது என்று சொல்லிவிட்டேன்.