ஆத்தங்குடிக் கல்லும் 3டி கண்ணாடியும்

மே 3, கானாடுகாத்தான்
ஐயாவின் சதாபிஷேகப் பத்திரிகைக்கு வளவு (வீட்டு உள்முற்றம்) தாழ்வாரத்தைப் படமெடுத்துத் தரச் சொன்னார்கள். வெயில் ஆத்தங்குடித் தரைக்கல்லில் விழுந்தால் பூவேலை மறைந்து வெறும் வெள்ளைத் திட்டாகத் தெரிகிறது. “பளபளக்கத்தானடா தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைக்கிறேன்” என்கிறார் அப்பத்தா. நியாயம்தான். கண்ணாடிமேல் வார்க்கும் கல். சூளை காணாமலே மினுங்கும்.

போலரைசர் வேண்டும், அதாவது லென்ஸ்முன் மாட்டிப் பளபளப்பை அடக்கும் ஃபில்டர். என் லென்ஸுக்கான 40.5 மி.மீ. அளவில் கடையில் இல்லை.

மே 4
தியேட்டர் 3டி கண்ணாடியிலும் போலரைசர் படலம்தான் இருக்கிறது (பேட்டரி போட்ட ரகம் ஒத்துவராது). பழைய யு.வி. ஃபில்டரின் உள்வளையத்தில் எதிரெதிரே இரண்டு வெட்டு இருக்கும். ஜியாமெட்ரி பாக்ஸ் டிவைடரின் முனைகளை அதில் வைத்து இடப்பக்கம் திருக, கழன்றது. படலத்தை வட்டமாக வெட்டி ஃபில்டர் கண்ணாடியோடு சேர்த்து வளையத்தை முடுக்கினேன். பசை எதற்கு?

எந்தப் பக்கம் வெளியே பார்க்க வேண்டும் என்பதில்தான் சூட்சுமம். தியேட்டரில் திரையைப் பார்க்கும் பக்கம் கேமராவுக்குப் பின்பக்கம். கண்ணை ஒட்டிய பக்கம் காட்சியைப் பார்க்க வேண்டும். மாற்றிப் போட்டால் பளபளப்பு அசையவே அசையாது. முகப்பில் தொங்கும் பெல்ஜியம் கண்ணாடிமுன் ஒற்றைக் கண்ணால் படலம் வழியே பார்த்தேன். கண்ணை மறைக்கும் படலம் பிம்பத்தில் கறுப்பாகத் தெரிந்தால் தியேட்டர்ப் பக்கம் வெளியே இருக்கிறது. திருப்பினால் கண் தெரியும். கேமராவுக்கு அந்த வாகுதான்.

போலரைசரைச் சுழற்றித்தான் பளபளப்பை அடக்க வேண்டும். இந்த வளையம் தனியாகச் சுழலாது. கவலையில்லை, ஃபில்டரையே திருகினால் அரைச் சுற்றுக்குள் எல்லாக் கோணமும் வந்துவிடும். 40.5 மரையில் அரைச் சுற்று என்பது கால் மி.மீ. தளர்வு, விழாது.

மே 6
காலை வெயிலில் பார்த்தேன். நேர்மேலிருந்து எடுத்தால் பயனில்லை. தரையோடு சுமார் 34 டிகிரி சாய்வில் பார்க்கும்போது வெள்ளைத் திட்டு கரைந்து சிவப்பும் பச்சையும் எழுந்து வருகின்றன. தேக்குத் தூணின் மினுக்கும் அடங்கியது. பித்தளை அண்டா மட்டும் அப்படியே தகதகக்கிறது. உலோகத்தின் பளபளப்பு இதற்கு மசியாது.

வெளிச்சம் ஏறக்குறைய இரண்டு ஸ்டாப் குறைகிறது, அதாவது கால்வாசிதான் மிஞ்சுகிறது. டிரைபாட் இல்லாமல் தாழ்வாரத்தில் ஆகாது. முழுக்கப் பளபளப்பை எடுத்தால் தரை சிமென்ட்போலச் செத்துக் கிடக்கிறது, அப்பத்தா ஏற்க மாட்டார். பாதி திருப்பி நிறுத்தினேன்.

லென்ஸை 16 மி.மீ. அகலக் கோணத்தில் வைத்தால் பக்கத்துக் கல் தெளிய, தூரத்துக் கல் இன்னும் மின்னுகிறது. சாய்வு வேறுபடுகிறதே. பின்னால் போய், கோணம் குறுகிய 35 மி.மீ.யில் எடுத்ததைத்தான் பத்திரிகைக்கு அனுப்பினேன்.