சையன்: காற்று குவித்த மணல், ஆறு அறுத்த பாறை

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தின் தென்மேற்கில் உள்ள சையன் தேசியப் பூங்காவுக்குக் கிழக்கு வாயில் வழியாகச் செல்வதே நல்லது என்பேன். 1930-இல் திறக்கப்பட்ட நீண்ட மலைச் சுரங்கப்பாதைக்குள் நுழையும் முன்பே, இந்தப் பாறைகள் பிறந்த விதத்தைக் காட்டும் செக்கர்போர்டு மேசா என்ற பாறைக்குன்று அவ்வழியில் எதிர்ப்படுகிறது. அதன்மேல் சாய்வாக ஓடும் வரிகள், ஏறத்தாழ 18 கோடி ஆண்டுகளுக்கு முன் ஜுராசிக் காலத்துப் பாலைவனத்தில் காற்று அடுக்கிய மணற்குன்றுகளின் சரிவுகள். நிலத்தடி நீரில் கரைந்திருந்த சுண்ணமும் இரும்பு ஆக்சைடும் அம்மணலைப் பிணைத்ததால் உருவான நவஹோ மணற்கல், இங்குச் சில இடங்களில் 2,000 அடி வரை தடித்திருக்கிறது.

சுரங்கத்தைக் கடந்து பள்ளத்தாக்கின் அடியில் நின்றபோது எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. வர்ஜின் ஆறு என்ற ஒரே சிற்றாறு, கீழ்ப்பகுதியில் அகன்ற பள்ளத்தாக்கையும், வடக்கே 'நாரோஸ்' எனப்படும் பகுதியில், இரு கைகளையும் நீட்டினால் சுவர்களைத் தொட்டுவிடலாமோ எனத் தோன்றும் இடுக்கையும் எவ்வாறு உண்டாக்கியது?

விடை மணற்கல்லுக்கு அடியில் இருக்கிறது. அங்குள்ள கயென்டா அடுக்கு, ஆறுகள் படியவைத்த வண்டலும் களியும் கலந்த மென்பாறை. ஆறு அந்த அடுக்குவரை அறுத்து இறங்கிய இடங்களில் அம்மென்பாறை அரிக்கப்பட, தாங்குவாரின்றி மேலிருக்கும் மணற்கல் பாளம் பாளமாகச் சரிந்து, பள்ளத்தாக்கு அகலமாகிறது. செங்குத்துச் சுவர்களும் அவ்வாறே நிற்கின்றன. நாரோஸில் ஆறு இன்னும் மணற்கல்லுக்குள்ளேயே அறுத்துக்கொண்டிருப்பதால் பக்கச்சுவர்கள் விலகவில்லை. மணற்கல்லில் ஊறி இறங்கும் மழைநீரும் கயென்டாவை ஊடுருவ இயலாமல் பக்கவாட்டில் கசிகிறது. 'வீப்பிங் ராக்' ஊற்றில் சொட்டும் நீரில் ஒரு பகுதி ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பெய்த மழை என்பதை நம்பச் சற்று நேரம் பிடித்தது.

கோடையில் கணுக்கால் அளவே ஓடும் இடங்களைப் பார்த்தால், இந்த ஆறா மலையை அறுத்தது என்றுதான் தோன்றும். ஆனால் இப்பகுதி அடங்கிய கொலராடோ பீடபூமி உயர்ந்ததால் மைலுக்கு 50 அடிக்கும் மேல் சரியும் ஆற்றுக்குத் திடீர் வெள்ளமே அரம். வேலை இன்னும் முடியவில்லை: ஏறத்தாழ 4,800 ஆண்டுகளுக்கு முன் 'சென்டினல்' எனப்படும் நிலச்சரிவு ஆற்றை மறித்து ஏரியாக்கியது, அதன் வண்டலே இன்றைய சமதரை, அதே சரிவின் ஒரு பகுதி 1995-இல் மீண்டும் நகர, ஆறு திசைமாறிச் சாலையை அரித்துச் சென்றது.