ட்யூப்லைட் மேல் தப்பில்லை: லோ வோல்டேஜோடு மூன்று வாரம்

இரண்டு ட்யூப், நான்கு ஸ்டார்ட்டர், ஒரு சோக். இத்தனையும் மாற்றிய பிறகுதான் கோளாறு விளக்கில் இல்லை என்று உறைத்தது. இருட்டினால் போதும், ட்யூப்லைட் மினுக்மினுக்கென்று அடித்துக்கொண்டே இருக்கும், பிடிக்காது. குண்டு பல்பு மங்கிச் சிவந்து கிடக்கும். கூடத்து எல்இடி மட்டும் பளிச்சென்று எரிந்ததால் வோல்டேஜ் மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஏமாந்தது அங்கேதான். நல்ல டிரைவர் (கரண்டைச் சீராக வைக்கும் உள் சர்க்யூட்) உள்ள எல்இடி, வோல்டேஜ் நன்றாக இறங்கினாலும் அதே வெளிச்சம் தரும். குண்டு பல்பிலோ 10 சதவீதம் வோல்டேஜ் குறைந்தாலே வெளிச்சம் சுமார் 30 சதவீதம் போய்விடும்.

வோல்டேஜ் அளக்கும் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால், 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 172.

மின் அலுவலகத்துக்கு முதல் நாள் போனது வீண். சர்வீஸ் எண் உள்ள பில்லை எடுத்துப் போகவில்லை. இரண்டாம் முறை, தலையைக்கூட நிமிர்த்தாமல் "உங்க வீட்டு வயரிங்கைப் பாருங்க சார்" என்றார் அங்கிருந்தவர். அப்புறம் ஒருவழியாக ஆள் வந்தார், காலை 11 மணிக்கு. அந்த நேரத்தில் 224 காட்டியது. "சரியாத்தானே இருக்கு" என்று புகாரை முடித்துவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

எங்கள் எலக்ட்ரீஷியன்தான் வழி காட்டினார். மெயின் சுவிட்சுக்கு வெளியிலிருந்து வரும் பக்கத்திலேயே மல்டிமீட்டரை வைத்தார் (பழக்கமில்லாதவர்கள் அங்கே கை வைக்கவே கூடாது). 222. இஸ்திரிப் பெட்டியைப் போட்டதும் 196. அதே கம்பத்திலிருந்து லைன் வாங்கும் பக்கத்து வீட்டில் அசைவே இல்லை. ஆக, கோளாறு கம்பத்துக்கும் எங்கள் மெயின் சுவிட்சுக்கும் நடுவில். வீட்டு வயரிங்கில் இல்லை.

ஒரு வாரம் நேரத்தோடு வோல்டேஜைக் குறித்து, அந்தத் தாளைப் புகாரோடு இணைத்து, ரசீது கேட்டு வாங்கினேன். இரவு 7 மணிக்கு மேல்தான் வர வேண்டும் என்றும் எழுதினேன். இந்த முறை பேச்சே இல்லை. கம்பத்தில், எங்கள் வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயரின் இணைப்பு தளர்ந்து கருகியிருந்தது. அரை மணி நேர வேலை.

நடுவில் ஸ்டெபிலைசர் வாங்கப் போனேன், நல்லவேளை வாங்கவில்லை. வோல்டேஜை ஏற்றிக் கொடுக்க அது லைனிலிருந்து கூடுதல் கரண்ட் இழுக்கும். தளர்ந்த இணைப்பு இன்னும் சூடாகியிருக்கும். ஃபிரிட்ஜ் உறுமிக்கொண்டு ஓடாமல் நின்றால் உடனே அணைத்துவிடுங்கள். சில விளக்கு மங்கி, சில விளக்கு வழக்கத்தைவிடப் பிரகாசமாக எரிந்தால் நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் வயர்) இணைப்பு விட்டிருக்கலாம். அப்போது மெயினை அணைத்துவிட்டுத்தான் மற்ற வேலை.

அன்றிரவு இஸ்திரிப் பெட்டி போட்டும் 221. பரணில் போட்டிருந்த பழைய ட்யூப்பை எடுத்து மாட்டினேன். அதுவும் எரிகிறது.